நான்கு அங்குலம்

பல்லில் ஒரு குறையும் இல்லாத மனிதர் ஒருவர் மூன்று வருஷமாகத் தினமும் காலை ஏழு மணிக்குப் பல் வைத்தியரிடம் போய்க்கொண்டிருந்தார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம் குமாஸ்தா போய்க்கொண்டிருந்தார். கன்னத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் கோணலாக வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவார். முதல் வருஷம் அக்கம்பக்கத்தார் பரிதாபப்பட்டார்கள். இரண்டாம் வருஷம் கிராம்புத் தைலம் சிபாரிசு செய்தார்கள். மூன்றாம் வருஷம், இந்த வைத்தியரிடம் போனால் இந்தக் கதிதான் என்று அவர்கள் வேறு வைத்தியரைத் தேடிப் போய்விட்டார்கள். பல் வைத்தியரம்மாவுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அவருடைய அண்ணன் குடும்பம் குமாஸ்தாவின் நாட்டில் இருந்தது. அதனால் பின்னறை ஜன்னலை மட்டும் அவர் குமாஸ்தாவுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும் தெரியும்.

குமாஸ்தாவின் நாடு போரில் இருந்தது. அவர் பிழைக்க வந்த ஊரோ போரில் சேராத ஒரு நாட்டின் துறைமுகம். அங்கே யாருடைய கப்பலும் வரலாம், போகலாம். அப்படி வந்து போகிறவற்றில் எது எதிரிக்குத் திருட்டுத்தனமாக எண்ணெய் கொண்டுபோகிறது என்று கண்டுபிடிப்பது அவருடைய நாட்டுத் துணைத் தூதரகத்தின் வேலை. அதாவது துணைத் தூதரின் வேலை. அதாவது, எல்லா அலுவலகத்திலும் நடப்பதுபோல, குமாஸ்தாவின் வேலை.

அதற்கு ஒரு முறை இருந்தது. கப்பலின் மூக்கிலும் வாலிலும், தண்ணீர் தொடும் இடத்தில், ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக எண்கள் எழுதியிருக்கும். கப்பல் எத்தனை அடி தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கிறது என்பதை அவை சொல்லும். வெறுமனே வரும்போது தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது, சரக்கேற்றிய பிறகு எந்த எண்ணில் நிற்கிறது என்று தொலைநோக்கியில் பார்த்துக் குறித்துக்கொண்டால், உள்ளே எத்தனை டன் ஏறியிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். கப்பல்காரர்கள் சுங்க அலுவலகத்தில் எழுதிக்கொடுத்த எடையோடு அதை ஒத்துப் பார்க்க வேண்டும். எழுதிக்கொடுத்ததைவிடக் கப்பல் அதிகம் அமிழ்ந்திருந்தால், எழுதாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அமைச்சகம் அனுப்பிய எட்டுப் பக்கக் கையேட்டில் இப்படித்தான் போட்டிருந்தது. குமாஸ்தா கடலில் புழங்கியவர் இல்லை. நீதிமன்றத்தில் நகல் எழுதிக்கொண்டிருந்தவர். கையேட்டில் இருப்பதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்வார். அரை அங்குலத்தைக்கூட விடமாட்டார் என்பதால் துணைத் தூதர் அவருக்கு ‘அங்குலம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்.

இந்த வேலையைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்த ஊர்க்காரியான அவருடைய மனைவிகூட அவருக்குப் பல் சொத்தை என்றே நம்பியிருந்தாள். மூன்று வருஷமாக அவர் தட்டில் கடினமான பண்டம் எதையும் அவள் வைத்ததில்லை. நல்ல பல்லை வைத்துக்கொண்டு குழைந்த சோற்றைத் தின்பது குமாஸ்தாவுக்கு ஒரு தண்டனையாகத்தான் இருந்தது. நாட்டுக்காக ஆளாளுக்கு உயிரைக் கொடுக்கும்போது நாம் இதையாவது கொடுப்போம் என்று மனதைத் தேற்றிக்கொள்வார்.

அந்தத் திங்கட்கிழமை அவர் வாழ்க்கையிலேயே பெரிய மீன் ஒன்றைப் பிடித்தார். துறைமுகத்தில் கப்பல் கட்டும் இரண்டாம் மேடையில் மூன்று வாரமாக நின்ற ஒரு சரக்குக் கப்பல். புகைபோக்கி பின்பக்கமாகச் சாய்ந்திருந்ததால் தன் நோட்டுப் புத்தகத்தில் அதற்குச் ‘சாய்கொண்டை’ என்று பெயர் வைத்திருந்தார். எல்லாக் கப்பலுக்கும் இப்படி ஒரு பெயர் வைத்திருந்தார். அதில் அவருக்கு ஒரு சின்னச் சந்தோஷம். சாய்கொண்டை போரில் சேராத நாட்டின் கொடியைப் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு எழுதிக்கொண்டு, பலகையும் உப்பும் ஏற்றியது. சுங்கத்தில் எழுதிக்கொடுத்தது இரண்டாயிரத்து எண்ணூறு டன். குமாஸ்தாவின் கணக்கில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது வந்தது. மூன்று தடவை போட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் கப்பல் நான்கு அங்குலம் அதிகமாக அமிழ்ந்திருந்தது. நான்கு அங்குலம் என்றால் நூற்றறுபது டன்.

“அங்குலம், நூத்தறுபது டன் எண்ணெய் இருந்தா எதிரியோட நீர்மூழ்கி எத்தனை நாள் ஓடும் தெரியுமா?” என்று துணைத் தூதர் கேட்டார். அவருக்கும் தெரியாது. ஆனாலும் இருவரும் கொஞ்ச நேரம் பெருமையோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்று மதியமே தந்தி போனது. மறுநாள் பதிலும் வந்தது. கப்பல் சந்தேகப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. பட்டியலில் சேர்ந்த கப்பலை நடுக்கடலில் நிற்கச் சொல்வார்கள். நிற்காவிட்டால் சுடுவார்கள். குமாஸ்தா அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது தன்னையறியாமல் வாய்க்குள் பாடிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை மதியம் அவர் சாப்பிட வந்தபோது மைத்துனன் முன்னறையில் உட்கார்ந்திருந்தான். மனைவியின் ஒரே தம்பி. ஐந்து வயதில் தாயை இழந்தவனை இவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். இவளுக்குப் பிள்ளை இல்லாத குறை இவனால்தான் அந்த வீட்டில் தெரியாமல் இருந்தது. கப்பல் எஞ்சினில் வேலை தெரிந்தவன். முன்பு வேலை செய்த கப்பலைப் போர் காரணமாக நிறுத்தி வைத்துவிட்டதால் நான்கு மாதமாகச் சும்மா இருந்தான். சும்மா இருந்தான் என்றால் அக்காவின் கதவு, ஜன்னல், தையல் மெஷின் எல்லாவற்றையும் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

“அத்தான், வேலை கிடைச்சிடுச்சு” என்றான். “மூணாவது எஞ்சினியர். ஏற்கெனவே இருந்த ஆளு காய்ச்சல்ல படுத்துட்டான். நேத்துதான் கூப்பிட்டாங்க. சனிக்கிழமை காலையில கிளம்புறோம்.”

“இனிமே என் தையல் மெஷினுக்கு விடிவுகாலம்” என்று சமையலறையிலிருந்து அக்கா சொன்னாள். குரலில் சந்தோஷமும் அழுகையும் கலந்திருந்தது.

“நல்லது மாப்ள. எந்தக் கப்பல்?” என்று குமாஸ்தா கை கழுவிக்கொண்டே கேட்டார்.

“ரெண்டாம் மேடையில நிக்குதே, புகைபோக்கி சாய்ஞ்ச கப்பல். அதுதான்.”

குமாஸ்தா குழாயை மூட மறந்து நின்றார். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மனைவி வந்து குழாயை மூடிவிட்டு, “என்னங்க, பல் வலிக்குதா?” என்று கேட்டாள்.

அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், இவன் வாயைக் கிளறினால் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்ற உத்தியோக புத்தி. அந்த நேரத்திலும் அந்தப் புத்தி வேலை செய்தது என்பதைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

“உள்ள என்ன சரக்கு?”

“பலகையும் உப்பும். அடித்தட்டு வரைக்கும் நானே இறங்கிப் பாத்துட்டேன்.”

“வேற எதுவும் இல்லையா? பீப்பாய், எண்ணெய், அந்த மாதிரி?”

மைத்துனன் சிரித்தான். “அது கரியில ஓடுற கப்பல் அத்தான். கப்பல் முழுக்கத் தேடினாலும் விளக்குக்கு ஊத்துற எண்ணெய்தான் கிடைக்கும். அதையும் கேப்டன் பூட்டி வச்சிருக்காரு.”

“இல்ல, ரொம்ப அமிழ்ந்து நிக்குதேன்னு கேட்டேன்.”

“நீங்க எப்பப் பாத்தீங்க?”

“அந்தப் பக்கமா ஒரு வேலையாப் போனேன்.”

“பரவால்ல, கண்ணு கூர்மைதான். அது சரக்கு இல்ல அத்தான், ஆத்துத் தண்ணி.” அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சாவகாசமாகச் சொன்னான். “உப்புத் தண்ணி கப்பலைத் தூக்கிப் பிடிக்கும். நல்ல தண்ணிக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. மலையில மழை கொட்டி ஆறு பெருகி வந்ததுல, ரெண்டு வாரமா துறைமுகம் முழுக்க நல்ல தண்ணி. கொதிகலனுக்கே பக்கத்துல மொண்டு ஊத்திக்கிறோம்னா பாத்துக்குங்க. எங்க கப்பல் அளவுக்கு நாலு அங்குலம் கூடுதலா இறங்கும். வெளிய கடலுக்குப் போனதும் தானா எந்திரிச்சுக்கும். இது கப்பல்ல பாத்திரம் கழுவுற ஆளுக்குக்கூடத் தெரியுமே.”

“நாலு அங்குலமா?”

“நாலுதான். கேப்டன் புஸ்தகத்துலயே போட்டிருக்கு.”

பாத்திரம் கழுவுகிறவனுக்குத் தெரிந்தது குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை. கையேட்டை எழுதியவருக்கும் தெரிந்திருக்காது. அல்லது தெரிந்திருந்தும், ஆறு வந்து கலக்கும் துறைமுகம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று தோன்றியிருக்காது. மூன்று வருஷமாக மலையில் மழை பொய்த்திருந்ததால் இந்தக் கோளாறு அவர் கண்ணில் பட்டதும் இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பார்கள். ஆழத்தை அளப்பதையே தொழிலாகக் கொண்டவர் அதைச் செய்திருந்தார்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து பல் வைத்தியரம்மாவின் ஜன்னலுக்கு ஓடினார். துறைமுகத்தின் ஓரத்தில் சொந்தக்காரர்கள் கைவிட்ட கப்பல் ஒன்று இரண்டு வருஷமாக வெறுமனே கட்டிக் கிடந்தது. நோட்டில் அதற்குப் பெயர் ‘சோம்பேறி’. அதில் ஆள் இல்லை, சரக்கு இல்லை, எலிகூட இருக்குமா என்பது சந்தேகம். தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பினார். எப்போதும் ஒரே எண்ணில் நிற்கும் சோம்பேறி இரண்டு அங்குலம் கீழே இறங்கியிருந்தது. நோட்டைப் புரட்டினார். போன வாரமே அதை அவர் பார்த்திருக்கிறார், குறித்தும் வைத்திருக்கிறார். பக்கத்தில் தன் அழகான கையெழுத்தில், ‘அடியில் ஓட்டை விழுந்திருக்கலாம்’ என்று எழுதியிருந்தார்.

பல் வைத்தியரம்மா அறைக்குள் எட்டிப் பார்த்து, “என்ன சார், நிஜமாவே பல் வலி வந்துடுச்சா?” என்று கேட்டார். குமாஸ்தாவின் முகம் அப்படி இருந்தது.

துணைத் தூதர் நல்ல மனிதர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் குமாஸ்தாவுக்குப் பழி போட ஒரு ஆளாவது கிடைத்திருக்கும். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நோட்டையும் சோம்பேறியின் கணக்கையும் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“தப்பு நடந்திருக்கு. ஒத்துக்கறேன்.”

“பேரை எடுத்துடச் சொல்லி உடனே தந்தி கொடுக்கணும் சார்.”

“சேக்கறதுக்கு ஒரு ஆள் சொன்னாப் போதும் அங்குலம். எடுக்கறதுக்கு ரெண்டு ஊர்லேருந்து சொல்லணும். போன மாசம் வந்த சுற்றறிக்கை ஞாபகம் இருக்கா? எங்கேயோ ஒருத்தன் கை நீட்டி வாங்கிக்கிட்டு, சேத்த பேரை எடுக்கச் சொன்னானாம். அதுலேருந்து, பேரை எடுன்னு யாரு சொன்னாலும் முதல்ல சொன்னவனைத்தான் சந்தேகப்படறாங்க.”

“அப்ப அடுத்த துறைமுகத்துல இருக்கற நம்ம ஆளை விட்டு அளக்கச் சொல்லுங்க.”

“இந்தக் கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போகலையே. நேரா நடுக்கடலுக்குத்தானே போகுது.”

கீழ்த்தளத்தில் கயிறு விற்கிற கடைக்காரர் யாரிடமோ பேரம் பேசுவது கேட்டது.

“இவ்வளவு பதறுறீங்களே, அந்தக் கப்பல்ல யாராவது வேண்டியவங்க இருக்காங்களா?”

குமாஸ்தா பொய் சொல்லியிருக்கலாம். மூன்று வருஷமாக ஊருக்கும் மனைவிக்கும் பொய் சொன்னவருக்கு அந்த ஒரு நிமிஷத்தில் உண்மைதான் வாயில் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும்.

“என் சம்சாரத்தோட தம்பி சார். நான் வளத்த பையன் மாதிரி.”

துணைத் தூதர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “இதை ஏன் என்கிட்ட சொன்னீங்க? இனிமே நான் மறைச்சு எழுத முடியாது. உறவுக்காரன் உள்ள இருக்கான்னு எழுதினா உங்க வார்த்தைக்கு மதிப்பு கிடையாது. எழுதாம விட்டு, நாளைக்குத் தெரிய வந்தா, உங்களை மட்டும் இல்ல, என்னையும் சேத்து உள்ள வைப்பாங்க.”

ஆனாலும் திருத்தத் தந்தி போனது. ஆறு, மழை, சோம்பேறி, உறவு எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினார்கள். குமாஸ்தாவே தந்தி அலுவலகத்துக்கு நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை மதியம் பதில் வந்தது. ‘பெறப்பட்டது’ என்று ஒரே வார்த்தை. பெயரை எடுத்தார்களா, இல்லையா, எடுப்பார்களா என்று எதுவும் இல்லை. அவசரம் என்று மறுபடி ஒரு தந்தி கொடுத்தார்கள். அது கிணற்றில் போட்ட கல்.

இனி ஒரே வழிதான் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குமாஸ்தா வீட்டுக்குப் போனபோது, அக்காவும் தம்பியும் கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கம்பளிச் சட்டையை உள்ளே வைப்பாள். எஞ்சின் அறை அடுப்பு மாதிரி இருக்கும், கம்பளி எதற்கு என்று அவன் வெளியே எடுத்துப் போடுவான்.

“மாப்ள, இந்தக் கப்பல் வேண்டாம்” என்றார் குமாஸ்தா.

மனைவி திரும்பிப் பார்த்தாள். “என்னங்க, கிளம்புற நேரத்துல இப்படிப் பேசுறீங்க?”

“வேற கப்பல் வரும். ஒரு மாசம் பொறுத்துக்கலாம்.”

“கையெழுத்துப் போட்டாச்சு அத்தான். என் வேலைப் புத்தகம் கேப்டன்கிட்ட இருக்கு. இப்பப் போகாம நின்னா, இந்தத் துறைமுகத்துல எனக்கு எவனும் வேலை தர மாட்டான்.”

“அந்தக் கப்பல் மேல சந்தேகம் இருக்குன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க.” இதைச் சொன்னதற்கே அவரைச் சிறையில் வைக்கலாம். சொன்னார்.

மைத்துனன் கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு சிரித்தான். “போர் நடக்கும்போது எந்தக் கப்பல் மேலதான் சந்தேகம் இல்ல? எங்க கொடியைப் பக்கத்துல எவ்வளவு பெருசா எழுதியிருக்கு, பாத்தீங்கல்ல? குருடனுக்கும் தெரியும். யாரு சந்தேகப்பட்டது? எதை வச்சு?”

கேள்வி நேராக வந்து நின்றது. ‘நான்தான். நீ சொன்ன அந்த நாலு அங்குலத்தை வச்சு’ என்று சொல்லியிருந்தால் அவன் போயிருக்க மாட்டான். குமாஸ்தாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. வார்த்தை தொண்டை வரை வந்தது. மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையின் முன்னால் அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. போட்ட கையெழுத்து, சிறை, நாடு என்று பின்னால் அவர் எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். உண்மையான காரணம் அவளுடைய பார்வைதான். தந்தி போய்ச் சேர்ந்திருக்கும், பெயரை எடுத்திருப்பார்கள், நாம் எதற்கு வீணாகக் குட்டையைக் குழப்ப வேண்டும் என்று அந்த நொடியில் தனக்குத் தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

“அது எனக்குத் தெரியாது மாப்ள” என்றார்.

“அவருக்கு உன் மேல உசுருடா. அதான் ஏதேதோ சொல்றாரு. நீ தைரியமாப் போய்ட்டு வா” என்று அக்கா சொன்னாள். கம்பளிச் சட்டையைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்து மூடினாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாய்கொண்டை கிளம்பியது. அக்கா துறைமுக வாசலில் நின்றாள். குமாஸ்தா ஜன்னலில் நின்றார். எஞ்சின்காரர்கள் அந்த நேரத்தில் மேலே வர முடியாது என்று தெரிந்தும், தொலைநோக்கியில் ஒவ்வொரு தலையாகத் தேடிப் பார்த்தார். கொடி எழுதிய பக்கவாட்டில் வெயில் அடித்தது. கப்பல் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போனது. மைத்துனன் சொன்னபடி அது இந்நேரம் நான்கு அங்குலம் எழுந்திருக்கும். அவ்வளவு தூரத்தில் எண்கள் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்குப் பிறகு பத்து நாள் அவர் தினமும் தந்தி அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தார். அங்கே இருந்தவர் இவரைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கிவிடுவார். வீட்டில் மனைவி, தம்பி போய்ச் சேர்ந்ததும் கடிதம் போட எத்தனை நாளாகும் என்று கேட்பாள். இருபது நாளாகும் என்பார். மறுநாளும் கேட்பாள். பத்தொன்பது என்பார். ராத்திரி அவள் தூங்கிய பிறகு கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

பதினோராம் நாள் துணைத் தூதர் அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜைமேல் இரண்டு தாள் இருந்தது. ஒன்று அன்றைய தந்தி. சந்தேகப் பட்டியலில் இருந்த இன்ன கப்பல் நிற்கச் சொல்லியும் நிற்காமல் போனதால் சுடப்பட்டு மூழ்கியது; கப்பல் நெடுநேரம் எரிந்ததிலிருந்து உள்ளே எண்ணெய் இருந்தது உறுதியாகிறது; சரியான நேரத்தில் சரியான தகவல் தந்த தூதரகத்துக்குப் பாராட்டு. இன்னொன்று தபாலில் வந்த கடிதம். தாங்கள் அனுப்பிய திருத்தம், இரண்டாவது துறைமுகம் உறுதிப்படுத்துவதற்காகப் பரிசீலனையில் வைக்கப்பட்டுள்ளது.

“எண்ணெய் இல்ல சார். பலகை. பலகை எரியாம என்ன செய்யும்?” என்றார் குமாஸ்தா.

“தெரியும்” என்றார் துணைத் தூதர்.

“அதை எழுதுங்க சார்.”

“எழுதறேன். யாரு படிப்பா?”

முப்பத்தொரு பேரில் ஆறு பேரை ஒரு மீன்பிடிப் படகு காப்பாற்றியிருந்தது. ஆறு பேரின் பெயரும் மறுநாள் பத்திரிகையில் வந்தது. எஞ்சின் அறையில் இருந்தவர் ஒருவர்கூட அதில் இல்லை. யாரும் எங்களை நிற்கச் சொல்லவே இல்லை என்று அந்த ஆறு பேரும் சொல்லியிருந்தார்கள். இந்தத் துறைமுகத்திலிருந்து யாரோ கொடுத்த தவறான தகவலே காரணம் என்று நம்பப்படுகிறது என்றும் பத்திரிகைக்காரர் எழுதியிருந்தார்.

மனைவி மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. அழுகையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். “நீங்க போக வேண்டாம்னுதானே சொன்னீங்க. நான் பாவிதான் பெட்டியை மூடி அனுப்பி வச்சேன்.” குமாஸ்தா ஒவ்வொரு தடவையும், “நீ என்ன செய்வே, நீ என்ன செய்வே” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அந்த வார்த்தை அவருக்குள் நெருப்பாகக் கிடந்தது. நாளைக்குச் சொல்வோம், கொஞ்சம் தேறட்டும், சாப்பிடட்டும் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டார்.

நான்காம் நாள் காலையில் அவள் எழுந்து முகம் கழுவி, தலையை வாரி முடிந்துகொண்டு வந்து, மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள்.

“எழுதுங்க” என்றாள்.

“என்ன எழுதணும்?”

“உங்க ஆபீசுக்குத்தான். உங்க நாட்டுக் கப்பல்தானே சுட்டது. துணைத் தூதருக்கு எழுதுங்க. எனக்கு ஆபீஸ் பாஷை வராது. நான் சொல்றேன், நீங்க அதை முறையா எழுதுங்க.”

அவர் பேனாவை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். தம்பியின் வயது, வேலை, கப்பலில் சேர்ந்த நாள். அவனைத் தவிரத் தனக்கு வேறு உடன்பிறப்பு இல்லை என்பது. கப்பலில் பலகையும் உப்பும் தவிர வேறெதுவும் இல்லை என்று அவனே வீட்டில் சாப்பிடும்போது சொன்னது. பிறகு, “எந்தப் பாவி இந்தத் தகவலைக் கொடுத்தான்னு எங்களுக்குச் சொல்லணும்னு எழுதுங்க” என்றாள். அவர் ‘பாவி’ என்ற இடத்தில் ‘நபர்’ என்று எழுதினார். அவள் எட்டிப் பார்த்து, “இல்ல, பாவின்னே எழுதுங்க” என்றாள். அடித்துவிட்டுப் பாவி என்று எழுதினார். அவள் கீழே கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் அந்த மனு குமாஸ்தாவின் மேஜைக்கே வந்தது. அலுவலகத்துக்கு வரும் மனுக்களைப் பதிவு செய்வது அவர்தான். எண் போட்டு, முத்திரை குத்தி, துணைத் தூதரிடம் கொண்டுபோய் வைத்தார். துணைத் தூதர் கையெழுத்தைப் பார்த்தார், கீழே இருந்த பெயரைப் பார்த்தார், குமாஸ்தாவைப் பார்த்தார்.

“என்ன பதில்தான் கொடுக்க முடியும்னு உங்களுக்கே தெரியும்” என்று கடைசியில் சொன்னார். “நீங்க எழுத வேண்டாம். நானே எழுதறேன்.”

“வேண்டாம் சார். நீங்க எழுதினா பாஷை வேற மாதிரி வரும். நானே எழுதறேன்” என்றார் குமாஸ்தா.

மூன்று வரிதான். தங்கள் இழப்புக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். கப்பல்கள் பற்றிய எந்தத் தகவலும் இந்த அலுவலகத்திலிருந்து எப்போதும் அனுப்பப்படுவதில்லை. இது குறித்து இந்த அலுவலகத்துக்கு எதுவும் தெரியாது. துணைத் தூதர் தலையைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். தபாலில் போட்டால் இன்னும் ஒரு நாளாகும் என்று குமாஸ்தா அதைச் சட்டைப் பையில் வைத்துத் தானே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மனைவி உறையைப் பிரித்து வாசித்தாள். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக இன்னொரு தடவை. அவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். இப்போது சொல்லிவிடுவோம், இனிமேல் தாங்காது, இப்போதே சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் அவள் கேட்டாள். “இதுல இருக்கறது நிஜமாங்க? அன்னைக்கு ஆபீஸ்ல ஏதோ பேசிக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே. ஆபீஸ் கடுதாசி என்ன வேணா சொல்லும். நீங்க அங்கேயே இருக்கறவரு. உங்களுக்குத் தெரியாம அங்கேருந்து ஒரு துண்டுச் சீட்டுகூடப் போகாது. நீங்க சொல்லுங்க, நான் நம்பறேன்.”

“நிஜம்தான்” என்றார்.

அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டாள். “நீங்க சொன்னா சரி” என்றாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.